மைக்கைக் கொடுத்து வாயைக் கட்டிய கதை: போர்க்கால அமெரிக்காவில் தொழிற்சங்கங்களும் வானொலியும்

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவைப் பற்றிப் படிப்பவர்களுக்கு ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் வானொலி உரைகள் எப்படியும் கண்ணில் பட்டுவிடும். அதே வானொலியில் கொஞ்சம் இடம்பிடிக்கத் தொழிற்சங்கங்கள் பட்ட பாடு அவ்வளவாகப் படாது. சங்கங்களுக்கு ஆள்பலம் இருந்தது, பணம் இருந்தது, பேசுவதற்கு விஷயமும் இருந்தது. ஆனாலும் காசு கொடுத்துக் கேட்டால்கூட நேரம் விற்க மாட்டோம் என்றார்கள் நிலைய முதலாளிகள். போர் வந்ததும் வாரம் கால் மணி நேரத்தை இலவசமாகவே கொடுத்தார்கள். முன்னால் ஏன் மறுத்தார்கள், பின்னால் ஏன் கொடுத்தார்கள், கிடைத்த நேரத்தில் எதைப் பேச முடிந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த நாட்டு வானொலி எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும். நமக்கு வானொலி என்றால் நெடுங்காலம் அரசு வானொலிதான். அமெரிக்காவில் நிலையங்கள் பெரும்பாலும் தனியார் கையில் இருந்தன. விளம்பரக் காசில் ஓடின. ஆனால் அலைவரிசை மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. நம் ஊர்த் தனியார் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி முதலாளியுடையது, சாலை பொதுவானது, ஓட்டுவதற்குப் பர்மிட் வேண்டும். அங்கே பர்மிட் கொடுக்கும் இடம், 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம், சுருக்கமாக எஃப்.சி.சி. மக்களின் நலனுக்கும் வசதிக்கும் தேவைக்கும் ஏற்ப நிலையத்தை நடத்த வேண்டும் என்பதுதான் உரிமத்தின் அடிப்படை நிபந்தனை. உரிமத்தை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். இந்தப் புதுப்பித்தல் விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முக்கியமான திருப்பம் அதில்தான் இருக்கிறது.

1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்குச் சுமார் 83 அமெரிக்க வீடுகளில் வானொலிப் பெட்டி இருந்தது. பத்திரிகை வாங்காத வீட்டிலும் வானொலி பேசியது. அதில் பேசியவர்கள் யார் என்பதுதான் பிரச்சினை. உதாரணத்துக்கு, ஃபோர்டு மோட்டார் கம்பெனி 1934-லிருந்து 1942 வரை ஞாயிறு மாலைகளில் ஒரு செவ்வியல் இசைக் கச்சேரியை நாடு முழுக்க ஒலிபரப்பியது. கச்சேரிக்கு நடுவே டபிள்யூ. ஜே. கேமரன் என்ற கம்பெனி ஆள் வந்து சில நிமிடம் பேசுவார். வரி, அரசுத் தலையீடு, தனிமனித முயற்சியின் மேன்மை என்று ஹென்றி ஃபோர்டுக்குப் பிடித்த கருத்துகள் அதில் தாராளமாக வரும். முதலாளிகளின் சங்கமான தேசிய உற்பத்தியாளர் சங்கம் ஒரு படி மேலே போய், குடும்ப நாடகத் தொடரே தயாரித்து இசைத்தட்டுகளில் பதித்து நிலையங்களுக்கு அனுப்பியது. எச். வி. கால்டன்பார்ன், ஃபுல்டன் லூயிஸ் ஜூனியர் போன்ற செய்தி விமர்சகர்கள் சங்கங்களைச் சாடுவதும் வழக்கமாக இருந்தது.

சரி, சங்கங்களும் பதிலுக்கு நேரம் வாங்கிப் பேசியிருக்கலாமே? அங்கேதான் 1939-இல் ஒரு முட்டுக்கட்டை வந்தது. ஒலிபரப்பு நிலையங்களின் சங்கம் தனக்குத்தானே ஒரு நடத்தை விதித்தொகுப்பு எழுதிக்கொண்டது. சர்ச்சைக்குரிய பொது விஷயங்களுக்கு நேரத்தை விற்கக் கூடாது. பணம் உள்ளவன் மட்டும் பேசிவிடாதபடி இரு தரப்புக்கும் இலவசமாக, நியாயமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றது அது. டெட்ராய்ட் பக்கம் சார்லஸ் காஃப்லின் என்ற பாதிரியார் காசு கொடுத்து நேரம் வாங்கி யூத வெறுப்பைப் பரப்பிக்கொண்டிருந்த காலம் அது. அவரைப் போன்றவர்களைத் தடுக்க அந்த விதி உதவியது என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் சர்ச்சைக்குரியது எது என்று முடிவு செய்வது நிலைய முதலாளிதான். ஃபோர்டு கச்சேரி நடுவில் வரும் பேச்சு சர்ச்சை ஆகாது, ஏனென்றால் அது விளம்பரம். தொழிற்சங்கம் என்ற பெயரே சர்ச்சை. பல நிலையங்கள் சங்கங்களுக்கு நேரம் விற்பதில்லை என்பதையே கொள்கையாக வைத்துக்கொண்டன. இலவச நேரமாவது கொடுத்தார்களா என்றால், அதையும் நிலையம் தன் இஷ்டப்படி, யாரும் கேட்காத நேரத்தில் கொடுத்தது. 1942-இல் கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டமைப்புக்கே இதே காரணத்தைச் சொல்லிப் பெரிய வலையமைப்புகள், அதாவது ஒரே நிகழ்ச்சியை நாடு முழுக்கப் பல நிலையங்களில் ஒலிக்கவைக்கும் கம்பெனிகள், நேரம் விற்க மறுத்தன. மளிகைக் கடை நடத்தும் கூட்டுறவுச் சங்கம் சர்ச்சை, மளிகைக் கம்பெனி சர்ச்சை இல்லை!

சொந்தமாகவே நிலையம் வைத்துக்கொள்ளும் வழியும் இருந்தது. சிகாகோ தொழிலாளர் கூட்டமைப்பு 1926-லேயே டபிள்யூ.சி.எஃப்.எல். என்ற நிலையத்தைத் தொடங்கியது. அதற்காக அலைந்து திரிந்தவர் கூட்டமைப்பின் செயலாளர் எட்வர்ட் நாக்கல்ஸ். நியூயார்க்கில் 1927-இல் சோஷலிஸ்டுகள் தங்கள் தலைவர் யூஜின் வி. டெப்ஸின் முதலெழுத்துகளைச் சேர்த்து டபிள்யூ.இ.வி.டி. என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஆனால் நல்ல அலைவரிசைகளும் அதிக சக்தியும் பெரிய வணிக நிலையங்களுக்கே போயின. ஒரு நகரத்துக்குள் கேட்கும் நிலையம் அந்த நகரத்துக்குள் உதவும், அவ்வளவுதான். நாடு முழுக்கக் கேட்க வேண்டுமென்றால் என்.பி.சி., சி.பி.எஸ்., மியூச்சுவல் ஆகிய வலையமைப்புகளின் வாசலுக்குத்தான் போக வேண்டும்.

அந்த வாசல் அடியோடு மூடியிருந்தது என்றும் சொல்ல முடியாது. பெரிய தலைவர், பெரிய செய்தி என்றால் திறக்கும். சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ் 1940 அக்டோபர் 25 அன்று மூன்று வலையமைப்புகளிலும் ஒரே நேரத்தில் பேசினார். ரூஸ்வெல்ட்டைத் தோற்கடியுங்கள், எதிர்க்கட்சி வேட்பாளர் வெண்டல் வில்கிக்கு ஓட்டுப் போடுங்கள், ரூஸ்வெல்ட் ஜெயித்தால் நான் பதவி விலகுவேன் என்றார். இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் கேட்டதாக மதிப்பீடு. தொழிலாளர்கள் ரூஸ்வெல்ட்டுக்கே ஓட்டுப் போட்டார்கள். லூயிஸ் சொன்னபடி, தான் தலைவராக இருந்த சி.ஐ.ஓ. என்ற சங்கக் கூட்டமைப்பின் தலைமையை விட்டு இறங்கினார். அந்த வருடக் கடைசியில் கார்த் தொழிலாளர் சங்கத்தின் வால்டர் ராய்தர் வானொலியில் வந்து, கார் ஆலைகளில் சும்மா கிடக்கும் இயந்திரங்களைக் கொண்டு நாளுக்கு 500 போர் விமானம் செய்யலாம் என்று ஒரு திட்டத்தை முன்வைத்தார். திட்டத்தை அவர் சொன்னபடி யாரும் செயல்படுத்தவில்லை. ஆனால் உற்பத்தியை எப்படி நடத்துவது என்று சங்கத்தானும் நாட்டுக்குச் சொல்லலாம் என்ற எண்ணம் பலருக்கு அன்றுதான் புதிதாகப் பட்டிருக்கும்.

இங்கே ஒரு சிறு பெயர் விளக்கம் தேவை. ஏ.எஃப்.எல். என்பது பழைய கூட்டமைப்பு. பெரும்பாலும் தச்சர், கொத்தனார், அச்சுத் தொழிலாளர் என்று கைத்தொழில்வாரியாக அமைந்த சங்கங்கள். தலைவர் வில்லியம் கிரீன். சி.ஐ.ஓ. என்பது 1935-இல் அதற்குள்ளேயே கிளம்பிப் பிரிந்த அணி. ஒரு ஆலையில் இருக்கும் எல்லாரையும் ஒரே சங்கத்தில் சேர்ப்பது அதன் வழி. லூயிஸ் விலகியபின் தலைவர் ஃபிலிப் மர்ரே. இரண்டுக்கும் ஆகவே ஆகாது.

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அடுத்த சில நாட்களில் இரு கூட்டமைப்புகளும் போர் முடியும்வரை வேலைநிறுத்தம் செய்ய மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தன. தகராறுகளைத் தீர்க்க 1942 ஜனவரியில் அரசு ஒரு போர்க்காலத் தொழிலாளர் வாரியம் அமைத்தது. அந்த ஜூலையில் வாரியம் ஒரு கணக்குச் சொன்னது: 1941 ஜனவரியில் வாங்கிய சம்பளத்துக்கு மேல் 15 சதவீதம் வரைதான் விலைவாசிக்காகக் கூட்டித் தர முடியும். விலைவாசி அதோடு நிற்கவில்லை.

வாக்குக் கொடுத்த சங்கத்துக்கு வானொலி தேவைப்பட்டது ஏன் என்பது இதில் தெரியும். வேலைநிறுத்தம்தான் அதன் முதல் ஆயுதம். அதைக் கீழே வைத்தபின் மிச்சமிருப்பது பேச்சு மட்டுமே. ஆலை விரிவாகிக் கிராமத்திலிருந்து புதிதாக வந்து சேரும் லட்சக்கணக்கான தொழிலாளிகளுக்குச் சங்கம் என்றால் என்னவென்றே தெரியாது. வெளியே இருப்பவர்களோ, பையன்கள் போர்முனையில் சாகும்போது இவர்கள் கூலி உயர்வு கேட்கிறார்களே என்று முகம் சுளித்தார்கள். அவர்களோடும் பேசியாக வேண்டும்.

இந்த நிலையில்தான் 1942 ஏப்ரல் 25 அன்று என்.பி.சி. 'வெற்றிக்காகத் தொழிலாளர்' என்று பொருள்படும் வாராந்திர நிகழ்ச்சியைத் தொடங்கியது. சனிக்கிழமை இரவு கிழக்குக் கடற்கரை நேரம் 10.15 முதல் 10.30 வரை. ஒரு வாரம் ஏ.எஃப்.எல்., மறு வாரம் சி.ஐ.ஓ. நேரத்துக்குக் காசு இல்லை. ஜென்மப் பகையாளிகளான இரண்டு அமைப்புகளும் ஒரே நிகழ்ச்சியை மாறி மாறி நடத்தியதே அன்றைக்குப் பெரிய விஷயம். உற்பத்தியைப் பெருக்குவது, போர்ப் பத்திரம் வாங்குவது, எங்கள் ஆள் எப்படி உழைக்கிறான் பாருங்கள் என்று காட்டுவது, இப்படிப் போயின நிகழ்ச்சிகள். உரை மட்டும் இல்லை, சிறு நாடகங்கள் உண்டு, பாட்டு உண்டு. நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரி வந்து பாடியதும் உண்டு.

என்.பி.சி. ஏன் இலவசமாகக் கொடுத்தது? தாராள மனசு என்று நான் நினைக்கவில்லை. விற்றால், சங்கம் வாடிக்கையாளர் ஆகிவிடும். நல்ல நேரம் கேட்கும், தன் பேச்சைத் தானே எழுதும். இலவசமாகக் கொடுத்தால் அது நிலையத்தின் பொதுச் சேவை. நேரத்தையும் எல்லையையும் நிலையமே வைத்துக்கொள்ளும். உரிமம் புதுப்பிக்கப் போகும்போது எஃப்.சி.சி.யிடம் காட்டவும் ஆகும். போருக்கு ஆதரவான பேச்சு சர்ச்சையே இல்லை என்பதால் 1939 விதியும் மீறப்படவில்லை.

அதற்குள்தான் வாயைக் கட்டும் வேலை இருந்தது. போர்க்கால வானொலியில் யாருமே நினைத்ததைப் பேசிவிட முடியாது. 1942 ஜனவரியில் தணிக்கை அலுவலகம் நிலையங்களுக்கு ஒரு நெறிமுறை அனுப்பியது: வானிலை சொல்லாதே, தெருவில் போகிறவரிடம் மைக்கை நீட்டாதே, நேயர் கேட்ட பாட்டைக் கேட்ட நேரத்தில் போடாதே. பாட்டுக் கேட்கிற சாக்கில் உளவாளி சங்கேதம் அனுப்பிவிடுவானாம்! எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கிய பிரதியைப் படிப்பதுதான் நடைமுறை. ராணுவ ரகசியத்துக்காக என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அதே பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு சம்பளம், லாபம், சட்டம் பற்றிய வரிகளை அடிப்பதும் நிலைய மேலாளருக்குச் சுலபமானது.

எதிர்த் தரப்புக்கோ போர் இன்னொரு வசதி செய்து கொடுத்தது. போர்க்கால மிகை லாபத்துக்கு வரி 90 சதவீதத்தையும் தாண்டிப் போனது. விளம்பரச் செலவை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே விற்பதற்குக் காரே இல்லாத கார்க் கம்பெனிகூட வானொலியில் விளம்பரம் செய்தது. ஒரு டாலர் விளம்பரத்தில் அதன் கைக்காசு ஒரு சிறு பங்குதான், மீதி எப்படியும் வரியாகப் போக வேண்டியது. சங்கம் செலவழித்ததோ உறுப்பினரின் சந்தா.

1943-இல் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. ஆட்டியவர் மறுபடியும் லூயிஸ். 15 சதவீதக் கணக்கை ஏற்க மறுத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் சுமார் 5 லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். மே 1 அன்று அரசு சுரங்கங்களைக் கையகப்படுத்தியது. மே 2, ஞாயிறு இரவு 10 மணிக்கு ரூஸ்வெல்ட் நேரடியாகச் சுரங்கத் தொழிலாளிகளை நோக்கியே வானொலியில் பேசுவதாக ஏற்பாடு. அவர் மைக் முன்னால் உட்காரச் சற்று முன்பு, நியூயார்க்கிலிருந்து லூயிஸ் 15 நாள் சமரசம், ஆட்கள் வேலைக்குத் திரும்புகிறார்கள் என்று அறிவித்துவிட்டார். ஜனாதிபதி எழுதி வைத்திருந்த உரையை அப்படியே படித்தார். ஜனாதிபதி சொல்லி ஆட்கள் திரும்பினார்கள் என்ற பெயர் வராமல் பார்த்துக்கொண்டார் லூயிஸ். வானொலி நேரத்தை இப்படி நிமிஷக் கணக்கில் கையாண்ட தொழிற்சங்கத் தலைவர் வேறு யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அதற்கான விலையை எல்லாச் சங்கங்களும் கொடுத்தன. மக்கள் கோபம் லூயிஸ் மேல் பாய்ந்தது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைப் பயன்படுத்திக்கொண்டது. ஜூன் 25 அன்று ஸ்மித்–கானலி சட்டம், ரூஸ்வெல்ட்டின் மறுப்பையும் தாண்டி நிறைவேறியது. போர் உற்பத்தியில் வேலைநிறுத்தத்துக்குக் கட்டுப்பாடு, மத்தியத் தேர்தல்களில் சங்கப் பணம் கொடுக்கத் தடை. அடுத்த மாதமே, ஜூலையில், சி.ஐ.ஓ. அரசியல் நடவடிக்கைக் குழு ஒன்றைத் தொடங்கியது. தலைவர் சிட்னி ஹில்மன், தையல் தொழிலாளர்களின் தலைவர்.

அந்த ஆகஸ்டில் ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் நடந்தது சிறிய சம்பவம்தான். கார்த் தொழிலாளர் சங்கத்தின் துணைத் தலைவர் ரிச்சர்ட் ஃபிராங்கென்ஸ்டீன் டபிள்யூ.எச்.கே.சி. நிலையத்தில் பேச ஏற்பாடாகியிருந்தது. இவர் 1937-இல் ஃபோர்டு ஆலை மேம்பாலத்தில் ராய்தரோடு சேர்ந்து கம்பெனி அடியாட்களிடம் உதை வாங்கியவர்; கோட்டைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு அடிக்கிற அந்தப் புகைப்படத்தில் இருப்பவர் இவர்தான். பேச்சின் பிரதியை வாங்கிப் பார்த்த நிலையம், அரசியல் விமர்சனம் இருந்த பகுதிகளை வெட்டச் சொன்னது. சர்ச்சைக்குரிய விஷயத்துக்கு நேரம் விற்பதில்லை, அதுதான் எங்கள் கொள்கை என்றது.

சங்கம் கண்டன ஊர்வலம் போகவில்லை. நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று எஃப்.சி.சி.யிடம் மனுப் போட்டது. வாதம் எளிமையானது: அலைவரிசை பொதுச் சொத்து, சங்கத்துக்குக் கதவை மூடிவிட்டு மற்றவருக்குத் திறக்கும் நிலையம் மக்கள் நலனுக்காக நடக்கவில்லை. 1944 ஆகஸ்டில் விசாரணை நடந்தது. உரிமமே போய்விடுமோ என்ற நிலை வந்தால் எந்த நிலைய முதலாளியும் இறங்கி வருவார். அந்த அக்டோபரில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. இனி சர்ச்சைக்குரிய விஷயங்களுக்கும் பாரபட்சமின்றி நேரம் தருவதாக நிலையம் எழுதிக் கொடுத்தது. 1945 ஜூனில் எஃப்.சி.சி. அதை ஏற்றதோடு நிற்காமல், பொது விவாதத்துக்குரிய விஷயங்களுக்கு நேரமே விற்பதில்லை என்ற ஒட்டுமொத்தத் தடை மக்கள் நலனுக்கு ஒவ்வாதது என்றும் சொன்னது. அதே ஆண்டு நிலையங்களின் சங்கமும் தன் விதித்தொகுப்பிலிருந்து அந்தத் தடையை எடுத்துவிட்டது.

ஆணையத்தின் மனநிலை மாறிவந்ததும் இதற்கு உதவியது. அதன் தலைவர் ஜேம்ஸ் லாரன்ஸ் ஃபிளை ரூஸ்வெல்ட் நியமித்தவர். 1943-இல் என்.பி.சி. தன் இரண்டாவது வலையமைப்பான புளூவை விற்க வேண்டி வந்தபோது, அதை நடத்துபவர்களிடம் தொழிற்சங்கத்துக்கு நேரம் விற்பீர்களா என்று அவர் கிண்டிக் கிண்டிக் கேட்டார். பிற்பாடு ஏ.பி.சி. என்று பெயர் பெற்றது இந்தப் புளூதான்.

1944 தேர்தலுக்கு ஹில்மனின் குழு தயாரித்த பிரசுரங்களில் ஒரு வானொலிக் கையேடும் இருந்தது. உள்ளூர்ச் சங்கத்துக்காரர் நிலையத்துக்குப் போய் நேரம் கேட்பது எப்படி, கால் மணி நேரத்துக்கு எழுதுவது எப்படி என்று சொல்லித் தருவதோடு, அலைவரிசை உங்களுடையது, தயங்காமல் கேளுங்கள் என்றது. அந்தத் தேர்தலின் மிகப் பிரபலமான வானொலி உரையும் ஒரு சங்க விருந்தில்தான் நடந்தது. செப்டம்பர் 23 அன்று லாரி ஓட்டுநர் சங்கத்தின் விருந்தில் ரூஸ்வெல்ட், என்னைத் திட்டுங்கள், என் நாய் ஃபாலாவைத் திட்டாதீர்கள் என்று எதிர்க்கட்சியைக் கேலி செய்து பேசியதை நாடே கேட்டுச் சிரித்தது.

எல்லாச் சங்கமும் வானொலிக்குள் போகவே போராடியது என்று நினைத்துவிடக் கூடாது. இசைக் கலைஞர் சங்கத்தின் ஜேம்ஸ் பெட்ரில்லோவுக்கு வானொலியே எதிரி. இசைத்தட்டைச் சுழலவிட்டு நிலையம் காசு பார்க்கிறது, வாசிப்பவனுக்கு வேலை போகிறது என்று 1942 ஆகஸ்ட் 1 முதல் இசைத்தட்டுப் பதிவையே நிறுத்தச் செய்தார். ரூஸ்வெல்ட் நேரடியாகக் கேட்டும் அசையவில்லை. பெரிய கம்பெனிகள் 1944 நவம்பரில் பணிந்து, விற்கும் தட்டுக்கு ஏற்பச் சங்க நிதிக்குப் பணம் கட்ட ஒப்புக்கொண்டன. பிரிட்டனில் கதை வேறு. அங்கே போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத் தலைவர் எர்னெஸ்ட் பெவின் 1940-இல் தொழிலாளர் துறை அமைச்சராகவே ஆகிவிட்டார். பி.பி.சி. 1941-லிருந்து ஆலைச் சாப்பாட்டுக் கூடங்களுக்கே போய்ப் பாட்டும் நகைச்சுவையும் ஒலிபரப்பியது. மைக் தொழிலாளியைத் தேடி வந்தது, உற்சாகப்படுத்துவதற்காக.

அமெரிக்காவில் போர் முடியும்போது சங்க உறுப்பினர்கள் 1.4 கோடிக்கு மேல். வாக்குக் கொடுத்தும் 1944-இல் மட்டும் கிட்டத்தட்ட 5000 வேலைநிறுத்தங்கள் நடந்திருந்தன. பெரும்பாலும் தலைமையின் அனுமதி இல்லாதவை, குறுகியவை. 'வெற்றிக்காகத் தொழிலாளர்' நிகழ்ச்சியைக் கேட்டவருக்கு இந்தப் புகைச்சல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வரலாற்றுப் புத்தகங்களில் அந்த நிகழ்ச்சிக்குத்தான் பெயர் அதிகம். எனக்கோ கொலம்பஸ் மனுதான் பெரிதாகத் தெரிகிறது. முன்னது, நாட்டுக்குப் பிடித்ததைப் பேசும்வரை கிடைத்த இடம். பின்னது, பிடிக்காததைப் பேசவும் வழி தந்தது.

அந்த வழியில் சங்கங்கள் நடந்தும் பார்த்தன. எஃப்.எம். புதிதாக வந்ததும் சொந்த நிலையம் என்ற பழைய ஆசை திரும்பியது. 1949-இல் கார்த் தொழிலாளர் சங்கம் டெட்ராய்டிலும் கிளீவ்லாண்டிலும் எஃப்.எம். நிலையம் தொடங்கியது. பெண்கள் ஆடைத் தையல் தொழிலாளர் சங்கம் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சாட்டனூகா ஆகிய இடங்களில் தொடங்கியது. நியூயார்க் நிலையத்துக்கு ரூஸ்வெல்ட்டின் முதலெழுத்துகளையே பெயராக வைத்தார்கள். ஆனால் எஃப்.எம். வாங்கும் பெட்டி அப்போது மிகச் சில வீடுகளில்தான் இருந்தது. காசுள்ளவர்கள் தொலைக்காட்சி வாங்கப் போய்விட்டார்கள். 1952-க்குள் எல்லாம் சங்கத்தின் கையை விட்டுப் போயின. டெட்ராய்ட் நிலையமான டபிள்யூ.டி.இ.டி.யை வெயின் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. அது பொது வானொலியாக இன்றும் ஓடுகிறது. சிகாகோ கூட்டமைப்பு மட்டும் தன் டபிள்யூ.சி.எஃப்.எல்.லை விடாப்பிடியாக வைத்திருந்து, பிற்காலத்தில் ராக் பாட்டு நிலையமாகவும் நடத்தி, 1978-இல் விற்றது.